அமெரிக்காவில் திரும்பப் பெற்ற பாட்டில் டர்பன் வீட்டுச் சமையலறையில் இருந்தால்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஹூஸ்டனில் இருக்கும் அவருடைய தம்பி முன்பு ஊருக்கு வந்தபோது ஓசார்க் டிரெயில் என்று பெயர் போட்ட பெரிய ஸ்டீல் பாட்டில் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றில் கணவர் வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார், இன்னொன்றை ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, எடுத்து வைத்துக்கொண்டு ஜூஸ், மோர், கோயிலுக்குக் கூழ் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார். இப்போது தம்பி போன் செய்து, அந்தப் பாட்டிலை அங்கே திரும்பப் பெறுகிறார்கள், உடனே நிறுத்துங்கள் என்கிறார். "இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லை, பாட்டில் கல்லு மாதிரி இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதாதா? இங்கே எந்தக் கடையில் மாற்றித் தருவார்கள்?" இதுதான் கேள்வி.

மற்றதெல்லாம் அப்புறம். ஆயாவிடம் இருக்கும் பாட்டில் இப்போது மூடியிருக்கிறதா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள். காலியாக, திறந்து இருந்தால் பயமில்லை. நேற்றோ முந்தாநாளோ ஊற்றிய ஜூஸோ மோரோ கூழோ உள்ளே இருந்து, மூடி இறுக்கியிருந்தால், யாரும் அதைச் சும்மா கையில் எடுத்துத் திறக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்திருந்தால், திறக்கும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்கலாம். அப்படியே ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். குளிர்ந்தால் வாயு திரும்பத் திரவத்திலேயே கரையும், புளிப்பதும் மெதுவாகும், அழுத்தம் குறையும். பிறகு வெளியே கொண்டுபோய், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கனமான துவாலையை மூடிமேல் நன்றாகச் சுற்றி, பாட்டில் வாய் உங்கள் முகத்துக்கும் வேறு யாருக்கும் நேராக இல்லாதபடி சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். காற்று வெளியே வரும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகு மேலே திருப்புங்கள். குனிந்து பார்த்துத் திறப்பதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம், அதைத்தான் செய்யக்கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திரும்பப் பெறுதல் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் வால்மார்ட்டும் சேர்ந்து அறிவித்தார்கள். பாட்டில்கள் சுமார் 8,50,000. 64 அவுன்ஸ் அளவு, அதாவது கிட்டத்தட்ட 1.9 லிட்டர் பிடிக்கும், ஸ்டீல் உடம்பு, கறுப்புத் திருகு மூடி, பக்கவாட்டில் பெயர் பதித்திருக்கும். 2017-இலிருந்து விற்றிருக்கிறார்கள். மாடல் எண் 83-662. வாங்கிய அட்டைப்பெட்டி இருந்தால் அதில் பாருங்கள், இல்லையென்றால் அளவையும் மூடியையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். சிறிய அளவு பாட்டில்கள் இந்த அறிவிப்பில் இல்லை, ஆகவே முதலில் உங்களுடையது அந்தப் பெரியதுதானா என்று ஒரு அளவுக் குவளையை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். காரணம் என்னவென்றால், உணவோ, சோடா வகையோ, ஜூஸ், பால் போலக் கெடக்கூடிய பானமோ ஊற்றிக் கொஞ்ச நாள் வைத்திருந்து திறந்தபோது மூடி வேகமாகப் பறந்து முகத்தில் அடித்திருக்கிறது. மூன்று பேருக்குக் காயம். அதில் இரண்டு பேருக்குக் கண்ணில் பட்டு, நிரந்தரமாகப் பார்வை போய்விட்டது.

நான் பைன்டவுன் பக்கம் பாட்டிலும் மூடியும் செய்யும் இடங்களில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தவன். மூடி பறக்கும் என்றால் ஜனங்கள் ஏதோ வெடி என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை, மிகச் சாதாரணமான விஷயம்தான். ஜூஸில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும். 1.9 லிட்டர் ஜூஸில் கிட்டத்தட்ட 190 கிராம். அதில் வெறும் 10 கிராம் நொதித்தாலே இரண்டரை லிட்டருக்கு மேல் கரியமில வாயு கிளம்பும். அதில் பெரும்பகுதி ஜூஸிலேயே கரைந்து நிற்கும், மீதி மேலே இருக்கும் கையளவு இடத்தில் அடைபடும். அழுத்தம் 2 பார் வந்துவிட்டது என்று வையுங்கள், ஒரு கார் டயரில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாய் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் மூடியின் அடியில் சுமார் 40 கிலோ தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கிப் பிடித்திருப்பது மரை, அதாவது மூடி திருகி ஏறும் புரி, மட்டும்தான். நீங்கள் திருப்பத் திருப்ப மரையின் பிடி குறைகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அதுவரைக்கும் காற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கடைசிச் சுற்றில் பிடி விடும்போது மொத்த அழுத்தமும் ஒரே நேரத்தில் மூடியைத் தூக்கி எறியும். அந்த நேரத்தில் உங்கள் முகம் சரியாக அதற்கு மேலேதான் இருக்கும்.

வீட்டில் கோக், ஸ்டோனி போன்ற 2 லிட்டர் சோடா பாட்டில் இருந்தால் மூடியைக் கழற்றி, கழுத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மரை சுற்றிலும் தொடர்ச்சியாக ஓடாது, நடுநடுவே மேலிருந்து கீழாக வெட்டிவிட்ட பள்ளங்கள் தெரியும். மூடியின் உள்பக்கமும் அதே மாதிரி வெட்டு இருக்கும். மூடியைக் கொஞ்சம் திருப்பியதும் ஸ்ஸ் என்று சத்தம் வருகிறதே, அந்தக் காற்று இந்தப் பள்ளங்கள் வழியாகத்தான் வெளியே போகிறது, அப்போதும் மரையின் பிடி மூடிமேல் இருக்கும். மூடி கையோடு கழன்று வருவதற்குள் அழுத்தம் தீர்ந்துவிடும். சோடாவுக்கென்றே செய்த கழுத்து அது. தண்ணீருக்கென்று செய்த அகல வாய் ஸ்டீல் பாட்டில்களில் பலவற்றில் இந்த வழி இருக்காது, ஒரு சொட்டுகூடச் சிந்தக்கூடாது என்பது மட்டும்தான் செய்கிறவர்களின் எண்ணத்தில் இருக்கும். நாங்கள் சோதிக்கும்போது பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, கொஞ்சமாகக் காற்று ஏற்றி, மூடி எப்போது விடுகிறது என்று கெட்டியான தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்போம். வெறுங்கையோடு முன்னால் நின்று யாரும் அந்த வேலையைச் செய்ததில்லை.

ஸ்டீலில் இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஜூஸ் புளித்தால் பாட்டில் உப்பும், அழுத்திப் பார்த்தால் கல்லாக இருக்கும், அடியே குவிந்து நிற்க முடியாமல் ஆடும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஸ்டீல் உப்பாது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. போதாததற்கு இரட்டைச் சுவர். தொட்டுப் பார்த்தாலும் உள்ளே சூடா குளிரா தெரியாது.

நம் வீடுகளில் எதைப் புளிக்க வைக்கிறோம் என்று யோசித்தால் எனக்குக் கவலை இன்னும் கூடுகிறது. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் புளித்த கூழ்தான், புளித்தால்தான் ருசி. டிசம்பரில் பாதி வீடுகளில் ஜிஞ்சர் பீர் போடுகிறார்கள், ஈஸ்ட் போட்டு, மேலே திராட்சை மிதக்க ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது என்று எடுத்து ஊற்றுவார்கள். அந்தத் திராட்சையைத் தூக்கி நிறுத்துவதே இந்த வாயுதான். அதை அந்த நிலையில் இறுக்கமான மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றி, டிசம்பர் வெயிலில் காரின் பின்பெட்டியில் வைத்து ஸ்டாங்கர் பக்கத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறோம். மோரும் அப்படித்தான், கொஞ்சம் மெதுவாகப் புளிக்கும், அவ்வளவே. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு மும்முரமாக இருந்த 2022, 2023-இல் ஃபிரிட்ஜே நாளில் பல மணி நேரம் நின்றுபோனது, ஃபிரிட்ஜில்தானே வைத்தேன் என்ற நம்பிக்கைக்கும் அப்போது இடமில்லாமல் போனது.

சரி, தண்ணீர் மட்டும் ஊற்றினால்? உங்கள் கணவர் வேலைக்குக் கொண்டுபோகும் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும்தான் என்றால் வாயு கிளம்ப ஒன்றும் இல்லை. அறிவிப்பு சொல்லும் ஆபத்தும் வேறு பொருள் ஊற்றி வைத்தால் வருவதுதான். இதை மறைத்து உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு வீட்டில் ஒரு பாட்டில் ஒரே ஆளிடம் ஒரே வேலைக்கு என்றைக்கும் இருப்பதில்லை. வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோன பாட்டிலில் ஒரு சனிக்கிழமை யாரோ மிச்சமிருந்த ஃபான்டாவை ஊற்றி வைப்பார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எடுத்துக்கொண்டு போகும். உங்கள் வீட்டிலேயே ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கூழ், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. எது யார் கையில் எப்போது போகும் என்று நீங்கள் காவல் காக்க முடியாது. அறிவிப்பும் 'தண்ணீருக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லவில்லை, பயன்படுத்துவதை உடனே நிறுத்தச் சொல்கிறது.

தூக்கிப் போட மனசு வராதது எனக்குப் புரிகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனதும், மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றதும் யாருக்கும் மறக்காது. மூடி இறுக்கமாக, கனமாக, இரண்டு லிட்டர் பிடிக்கும் ஒரு நல்ல பாத்திரம் என்றால் இந்த ஊரில் அதற்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பு எனக்குத் தெரிந்துதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லை" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டரை லட்சம் பாட்டிலில் மூன்று காயம் என்றால் மிகவும் அபூர்வம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எட்டரை லட்சத்தில் பெரும்பாலானவற்றில் தண்ணீர்தான் இருந்திருக்கும். உங்கள் ஆயாவைப் போல் புளிக்கும் பொருள் ஊற்றி வைத்தவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்குப் போட்டால் நிலைமை வேறு. தவிர, மூன்று என்பது புகாராக வந்தது மட்டும். மூடி பறந்து சுவரில் பட்டு, நல்லவேளை என்று விட்டுவிட்டவர்கள் யாரும் கணக்கில் இல்லை. நம் ஊரிலேயே 2021 ஜூலையில் டைகர் பிராண்ட்ஸ் என்ற உணவுக் கம்பெனி தன் கூ (KOO), ஹியூகோஸ் (Hugo's) காய்கறி டப்பாக்கள் சுமார் 2 கோடியைத் திரும்பப் பெற்றது ஞாபகம் இருக்கும். தகரத்தின் பக்கவாட்டுத் தையலில் கோளாறு, அதுவும் மிகச் சிறிய பங்கு டப்பாக்களில்தான். ஆனால் எது அந்தச் சிறிய பங்கு என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் மொத்தத்தையும் எடுத்தார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு டப்பாவைத் தட்டிப் பார்த்து இது நல்லது என்று யாரும் தீர்மானிக்க முடியாது.

மூடியை மட்டும் மாற்றி வேறு மூடி போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். மரையும் வளையமும் பாட்டில் கழுத்தும் மூன்றும் சேர்ந்துதான் ஒரு மூடி. சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒன்று பொருந்துகிறது என்பதால் அது தாங்கும் என்று அர்த்தம் இல்லை. செய்த கம்பெனியே மாற்று மூடி கொடுத்தும் சரியாகாமல் போன கதை உண்டு. கான்டிகோ என்ற கம்பெனி 2019 ஆகஸ்டில் பிள்ளைகளின் பாட்டில்கள் 57 லட்சத்தை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது, உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சிலிக்கோன் வாய் கழன்று வந்துவிடுகிறது என்று. அதற்கு முன் வந்த 149 புகார்களில் 18 தடவை அந்தத் துண்டு பிள்ளையின் வாய்க்குள் கிடந்திருக்கிறது. மாற்று மூடி கொடுத்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த மாற்று மூடியையும் சேர்த்து மறுபடி திரும்பப் பெற வேண்டி வந்தது.

கவனித்தால், குடிக்கும் பாத்திரங்களில் வருகிற கோளாறு பெரும்பாலும் மூடியில்தான் வருகிறது. 2024 டிசம்பரில் ஸ்டான்லி கம்பெனியின் சுவிட்ச்பேக், டிரிகர் ஆக்‌ஷன் என்ற பயணக் குவளைகளும் அப்படித்தான், அமெரிக்காவில் மட்டும் 26 லட்சம். சூட்டிலும் திருகும் விசையிலும் மூடியின் மரை சுருங்கி, குடிக்கும்போதே மூடி கழன்று சூடான காபி மேலே கொட்டியது. உலகம் முழுவதும் 91 புகார், அதில் 38 பேருக்குத் தீப்புண். அதற்கு இலவசமாக மாற்று மூடி தருகிறார்கள். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அந்தக் குவளை இருந்தால் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி அல்லாத ஒன்று உண்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தெரிந்திருக்க வேண்டும். இரட்டைச் சுவர் ஸ்டீல் பாத்திரத்தில் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சிறு துளையை ஒரு பொட்டு வைத்து அடைப்பார்கள். சில தயாரிப்புகளில் அந்தப் பொட்டில் காரீயம் இருக்கும். மேலே ஒரு வட்டத் தகட்டை ஒட்டி மறைத்திருப்பார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் கீழே விழுந்து விழுந்து அந்தத் தகடு கழன்றால் பொட்டு வெளியே தெரியும், பிள்ளை தொட்டு வாயில் வைக்கும். 2022 நவம்பரில் கிரீன் ஸ்பிரவுட்ஸ் பாட்டில்கள் 10,500 இதற்காகத்தான் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஜூலையில் கப்கின் என்ற பிள்ளைகளின் இரட்டைச் சுவர் குவளைகள் 3,46,000, அளவுக்கு மேல் காரீயம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. அடித்தகடு கழன்ற, ஆடுகிற எந்த ஸ்டீல் பாட்டிலையும், எந்தப் பெயர் போட்டிருந்தாலும், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

கடை விஷயம். உங்கள் பாட்டில் அமெரிக்காவில் வாங்கியது, அறிவிப்பும் அங்கே விற்றதற்குத்தான். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல பலமான சட்டம்: பொருளால் காயம் ஏற்பட்டால் செய்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகம் செய்தவர், விற்றவர் என்று யாருடைய கவனக்குறைவு என்று நீங்கள் நிரூபிக்காமலேயே கேட்கலாம் என்கிறது அதன் 61-ஆம் பிரிவு. கோளாறான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பதா, வேறு பொருளா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 56. தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு பொருளைத் திரும்பப் பெறச் சொல்லவும் வழி வைத்திருக்கிறது 60. ஆனால் இதெல்லாம் இங்கே விற்ற ஒருவர் இருந்தால்தான். தம்பி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பரிசுக்கு இங்கே விற்றவர் யாரும் இல்லை. ஆகவே இங்கே கடை கடையாக அலைய வேண்டாம். தம்பியிடமே விடுங்கள்: இரண்டு பாட்டிலையும் முன்பக்கம், மூடி, அடிப்பக்கம் என்று படம் எடுத்து அனுப்புங்கள், அவர் வால்மார்ட்டைத் தொடர்புகொண்டு முழுப் பணமும் கேட்கலாம். அவர் பதில் சொல்லும் வரைக்கும் பாட்டிலை எறியாமல், மூடியைக் கழற்றித் தனியாக, உயரத்தில் வையுங்கள்.

இங்கே வாங்குவதற்கும் இதே கணக்கைப் போடுங்கள். வெளிநாட்டு ஆன்லைன் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் மலிவான பாட்டிலுக்கும் தம்பி கொண்டுவந்த பாட்டிலுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கோளாறு என்று வந்தால் யார் கதவைத் தட்டுவது என்று தெரியாது. உள்ளூர்க் கடையில் இருபது முப்பது ரேண்ட் கூடக் கொடுத்தாலும் ரசீது இருக்கும், கேட்க ஆள் இருப்பார்கள். ரசீதின் மை சில மாதத்தில் அழிந்துவிடும், அன்றைக்கே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள், தயவுசெய்து. வேண்டாத பாட்டில் என்று அதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ, தோட்டக்காரரிடமோ, கோயிலில் பழைய பொருள் விற்கும் ஜம்பிள் சேலுக்கோ கொடுத்துவிடாதீர்கள். நல்ல மனசோடுதான் கொடுப்பீர்கள், தெரியும். ஆனால் அறிவிப்பு உங்களுக்கு எட்டியது தம்பி போன் செய்ததால்தான், அவர்களுக்கு யார் போன் செய்வார்கள்? அமெரிக்காவில் திரும்பப் பெற்ற பொருளை விற்பதே 2008 முதல் சட்டவிரோதம், பழைய பொருள் கடைக்கும் அது பொருந்தும். பணம் வந்தோ வராமலோ போன பிறகு, மூடியின் மரையை ரம்பத்தால் அறுத்து, வேறு யாரும் எடுத்துப் பூட்ட முடியாதபடி செய்துவிட்டு, பாட்டிலை இரும்புக் கழிவில் போடுங்கள்.

ஆயாவின் கூழுக்கு, மேலே வெறுமனே கவிழ்த்து வைக்கும் மூடி போட்ட பழைய தூக்குவாளியே போதும். காரில் சிந்தும் என்றால் முக்கால் அளவு ஊற்றி, அடியில் ஒரு வாளி வைத்துக் கொண்டுபோங்கள். ஜிஞ்சர் பீரைச் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலிலேயே கழுத்துவரை நிரப்பாமல் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, தினம் ஒருதடவை மூடியைத் தளர்த்தி விடுங்கள். மோரை ஊற்றிய அன்றைக்கே குடித்துவிடச் சொல்லுங்கள். ஆயா கேட்கமாட்டார் என்றால் தம்பியை விட்டே ஒருதடவை போனில் பேசச் சொல்லுங்கள், அவர் கொண்டுவந்த பாட்டில்தானே, அவர் சொன்னால் விட்டுக்கொடுப்பார்.